புதுப்பிப்பு: பாஷில் > போட்டால் பழைய கோப்பின் மேல் எழுத மறுத்தது, தீர்வு கிடைத்தது

அனுமதியெல்லாம் சரியாக இருந்தும், ஏற்கெனவே உள்ள கோப்பில் > போட்டு ஒரு கட்டளையின் வெளியீட்டை எழுத பாஷ் (லினக்ஸ் போன்றவற்றில் நாம் அடிக்கும் கட்டளைகளை இயக்கும் நிரல்) மறுக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. 'செட் -ஓ' அடித்துப் பாருங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது, வந்த அமைப்புகளின் பட்டியலில் நோகிளாபர் (இருக்கும் கோப்பின் மேல் எழுதுவதைத் தடுக்கும் அமைப்பு) 'ஆன்' என்று இருந்தது, எல்லாருக்கும் பொதுவான தொடக்கக் கோப்பில் யாரோ அதைப் போட்டிருக்கிறார்கள். 'செட் +ஓ நோகிளாபர்' கொடுத்ததும் சரியாகிவிட்டது. கழித்தல் குறி இயக்கும், கூட்டல் குறி நிறுத்தும் என்பதை எதிர்பார்க்கவே இல்லை. 'ஷாப்ட்' என்ற இன்னொரு கட்டளையை மட்டும் அடித்தால் வருவது வேறு அமைப்புகளின் பட்டியல், குளோப்ஸ்டார் போன்றவை அதில் இருக்கும், நோகிளாபர் இருக்காது, அங்கே தேடாதீர்கள். அப்புறம், ஒரே ஒரு முறை மட்டும் மேலெழுத >| போதும். கோப்பு தெரியாமல் அழியாதிருக்க இந்தக் காப்பு நல்லதுதான், அதனால் நோகிளாபரைத் திரும்ப இயக்கி வைத்துக்கொண்டு, மேலெழுத வேண்டியபோது இந்தக் குறியையே பயன்படுத்துகிறேன்.