குதிகால் பதிந்தால் கம்பு சுழலுமா? சிலம்பத்தோடு கராத்தேவும் கற்பது பற்றி ஒரு விவாதம்

கம்பு ஆசான்:
“சிலம்பம் கற்கும் பிள்ளையைக் கராத்தே வகுப்புக்கும் அனுப்புங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்” என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக்கொடுத்து வருகிறேன். என்னிடம் இரண்டு ஆண்டுகள் காலடி பழகிய பையன் ஒருவன், கராத்தே வகுப்பில் சேர்ந்த ஆறாவது மாதத்தில், கம்பை வீசிக்கொண்டே திரும்பும்போது பின்காலின் குதிகாலைத் தரையில் அழுத்தத் தொடங்கிவிட்டான். எங்கள் களம் மண் தரை. பயிற்சி முடிந்ததும் தடங்களைப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் திரும்பிய இடங்களில் முன்பாதம் மண்ணை அரைவட்டமாகச் சீய்த்திருந்தது; இவன் நின்ற இடத்தில் குதிகால் குழியாகப் பதிந்திருந்தது. குதிகால் பதிந்தால் இடுப்பு திரும்பாது, இடுப்பு திரும்பாவிட்டால் கம்பு தோளின் பலத்தில்தான் சுற்றும், உடம்பின் முறுக்கு முழுவதையும் முழங்கால் வாங்கிக்கொள்ளும். இதையா துணை என்கிறீர்கள்?

இரு கலை மாணவி:
அந்த வரியை எழுதியவள் நான்தான், ஐயா. ஒன்பது ஆண்டுகள் கராத்தேவும் ஐந்து ஆண்டுகள் சிலம்பமும் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் கண்டது கராத்தேவின் பாதி மட்டுமே. தனியாகச் செய்யும் அசைவு வரிசையான கட்டாவில், முன்காலை மடக்கி நிற்கும் ஜென்குட்சு டாச்சி நிலையில் நிற்கும்போது பின்குதிகால் தரையில் இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் குமித்தேயில் எதிராளியோடு மோதும்போது எங்கள் குதிகால் தரையைத் தொடுவதே அரிது. கராத்தேவின் வரலாற்றையும் பாருங்கள். கராத்தே பிறந்த ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் கென்வா மாபுனி என்பவர் சூரி ஊரின் இட்டோசுவிடமும் நாஹா ஊரின் ஹிகாவோன்னாவிடமும் கற்றார். அந்த இரு ஆசான்களின் பெயர்களிலிருந்து முதல் எழுத்தை எடுத்து, அவற்றின் மாற்று ஒலிப்பில்தான் தம் பாணிக்கு ஷிட்டோ ரியூ என்று பெயரிட்டார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவும் பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜுஜுட்சுவில் இரண்டு பள்ளிகளில் பயின்ற பிறகுதான் 1882இல் கோடோகான் என்ற தம் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அவர்கள் கற்றது குழப்பமா?

கம்பு ஆசான்:
அம்மா, நான் குதிகாலைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் ஒக்கினாவாவைப் பற்றிப் பதில் சொல்கிறீர்கள். மாபுனி கற்ற இரண்டும் வெறுங்கை முறைகள். ஒரே தீவில் பிறந்தவை. என் மாணவன் கையில் இருப்பதோ அவன் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு. அந்த நீளத்துக்கு ஏற்பத்தான் கால் நகர வேண்டும். குமித்தேயில் குதிகால் உயர்கிறது என்கிறீர்கள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு முதல் ஆண்டில் கட்டாவும் நிலைகளும்தானே மிகுதியாகச் சொல்லித்தரப்படுகின்றன? குதிகாலை அழுத்து, அழுத்து என்று நூறு முறை கேட்ட கால், மாலையில் என் களத்துக்கு வந்ததும் எப்படி மறக்கும்?

ஒரு தந்தை:
நீங்கள் இருவரும் குதிகாலிலேயே நிற்கிறீர்கள். என் மகன் இரண்டுக்கும் போகிறான். கராத்தேயில் பெல்ட் வாங்கினால் சான்றிதழ் கிடைக்கிறது, பின்னாளில் பயன்படும். சிலம்பத்தில் என்ன கிடைக்கும் என்று நான்கு ஆண்டுகளாக எந்த ஆசானும் எனக்குத் தெளிவாகச் சொல்லவில்லை.

கம்பு ஆசான்:
நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் 2021இல் சிலம்பத்தைச் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாகச் சிலம்பம் இடம்பெற்றது. கராத்தேவோ டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒருமுறை இருந்தது, பாரிஸில் இல்லை. நான்கு ஆண்டுகளாகப் பிள்ளையைக் களத்தில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பும் தந்தைக்கு இது தெரியாமல் போனது ஆசானின் குற்றமாகுமா? உங்கள் மகனின் தடத்தை ஒருநாளாவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா?

ஒரு தந்தை:
காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவன் நான். வண்டியைத் திருப்புவதற்கான காரணம் அதுதான். அதை இகழ உங்களுக்கு உரிமை இல்லை.

தெற்கத்திச் சிலம்பன்:
ஆசான் ஒன்றை மறைக்கிறார். சிலம்பமே ஒரு முறை அன்று. குறவஞ்சி, மறக்காணம், கள்ளப்பத்து என்று எத்தனையோ பாணிகள் சொல்லப்படுகின்றன. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இரண்டு மூன்று ஆசான்களிடம் பாடம் கேட்டவர்கள். அப்போது கெடாத கால் கராத்தேவால் மட்டும் கெடுமா? இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடுமுறைப் போட்டியில் என் மாணவனின் கம்பு உங்கள் மாணவனின் தோளைத் தெளிவாகத் தொட்டபோது, நடுவரிடம் சென்று “தொடவில்லை” என்று வாதிட்டவரும் நீங்கள்தான். கண்ணால் கண்டதை அன்று ஏற்காதவர் இன்று மண்ணில் கண்ட தடத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்.

கம்பு ஆசான்:
அந்தக் கம்பு சட்டையைத்தான் தொட்டது, தோளை அன்று. இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், என் மாணவனின் தாய்மீது ஆணையாகச் சொல்லவும் தயங்க மாட்டேன். நீங்கள் சொல்லும் பாணிகள் எல்லாவற்றிலும் கையில் இருப்பது கம்புதானே? எந்தப் பாணியிலாவது கம்பைச் சுழற்றித் திரும்பும்போது குதிகாலை ஊன்றச் சொல்லித்தருகிறார்களா? ஒன்றைக் காட்டுங்கள், போதும்.

இரு கலை மாணவி:
குதிகால் என்றுதானே மீண்டும் மீண்டும் கேட்கிறீர்கள்? கராத்தேயில் நெகோ ஆஷி டாச்சி என்று பூனைக்கால் நிலை ஒன்று உண்டு. அதில் முன்காலின் குதிகால் உயர்ந்து, முன்பாதம் மட்டுமே தரையைத் தொடும். இந்த நிலையில் பழகிய பிறகுதான் எனக்குச் சிலம்பத்தில் காலை எடுத்து மாற்றுவது இலகுவாயிற்று. என் சிலம்ப ஆசானே அதைக் கவனித்துப் பாராட்டினார். உங்கள் மாணவனுக்கு நேர்ந்தது கற்பித்தவரின் குறையாக இருக்கலாம். அது கராத்தே வகுப்பிலா, உங்கள் களத்திலா என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்பு ஆசான்:
பூனைக்கால் நிலையில் முன்குதிகால் உயர்கிறது, சரி. உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கிறது? பின்காலில். அந்தப் பின்காலின் குதிகால் எங்கே இருக்கிறது? தரையில். நீங்கள் கொண்டுவந்த சான்றே என் பக்கம் பேசுகிறது. என் களத்தின் குறை என்றீர்கள், அதையும் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் அதே களத்தில் கராத்தேவுக்குப் போகாத பதினேழு பிள்ளைகள் முன்பாதத்தில்தான் திரும்புகிறார்கள்.

தெற்கத்திச் சிலம்பன்:
சட்டை தோளின்மேல்தான் இருந்தது, ஆசானே.

இரு கலை மாணவி:
பதினேழு பேரும் ஒரே ஆசானைத் தவிர வேறு எவரையும் காணாதவர்கள். அவர்களில் ஒருவரையாவது வெறுங்கையோடு ஒரு குத்தைத் தடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கம்பு ஆசான்:
குத்துவரிசையும் எங்கள் மண்ணின் கலைதான், அதையும் நான்தான் கற்பிக்கிறேன். நாளை மாலை நீர் தெளித்த மண்ணில் ஐம்பது முறை கம்பை வீசித் திரும்பிவிட்டு, உங்கள் பின்காலின் தடத்தைப் படமெடுத்து இங்கே போடுங்கள், அம்மா. நானும் என் மாணவர்களின் தடங்களைப் போடுகிறேன்.

ஒரு தந்தை:
என் மகன் பயிற்சி செய்வது மொட்டைமாடியில், சிமெண்ட் தரையில். அதில் எந்தத் தடத்தைப் பார்ப்பது?