பொது நிர்வாக முதுகலை: உங்களை மாற்றிய ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு

பொது நிர்வாகம் படித்தவர்களிடமும் இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இரண்டு ஆண்டுகளில் எத்தனையோ கோட்பாடுகள் படிக்கிறோம். தேர்வு முடிந்ததும் பாதி மறந்துபோகிறது. ஆனால் யாரோ ஒருவர் சொன்ன சொல்லோ, எடுத்துக் காட்டிய தாளோ மனத்திலேயே தங்கிவிடுகிறது. அப்படி உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

இரண்டாம் பருவத்தில் எங்களுக்குக் களப்பணி. முதியோர் உதவித்தொகை விண்ணப்பங்களை வாங்கும் ஓர் அலுவலகத்தில் ஒரு வாரம் கவுன்ட்டருக்கு உட்புறம் உட்கார்ந்து, நடப்பதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது நாள் ஓர் அம்மா வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். அது அவருக்கு மூன்றாவது வருகை. அடையாள அட்டையில் அவர் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. வங்கிக் கணக்கில் அந்த எழுத்து இல்லை. எழுத்தர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "பெயரைத் திருத்திக்கொண்டு வாருங்கள் அம்மா" என்றார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. தாள்களை நெகிழிப் பைக்குள் செருகி, பையின் வாயை இரண்டு முறை மடித்து, எழுந்து போனார்.

என் குறிப்பேட்டில் "ஊழியரின் அலட்சியம்" என்று எழுதினேன். எழுதும்போது எனக்குக் கோபமாக இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் அப்போது நம்பினேன்.

மதிய இடைவேளையில் அந்த எழுத்தரே என் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். நான் என்ன எழுதினேன் என்பதை ஊகித்திருக்க வேண்டும். மேசை இழுப்பறையைத் திறந்து, மடிப்பு மடிப்பாகப் பழுத்துப்போன ஒரு குறிப்பாணையை எடுத்து என் முன் வைத்தார். இதே போன்ற எழுத்து வேறுபாடு உள்ள ஒரு விண்ணப்பத்தை முன்பொரு முறை அவர் ஏற்றிருக்கிறார். தணிக்கையில் ஆட்சேபணை வந்தது. விளக்கம் எழுதினார். விளக்கம் போதாது என்று திரும்பியது. மறுபடி எழுதினார். இரண்டு ஆண்டுகள் அந்தக் கோப்பு முடியாமல் கிடந்தது. அதுவரை அவருடைய பதவி உயர்வும் நின்றது. "அந்தப் பெரியவருக்குக் கொடுத்ததற்காக நான் வருந்தவில்லை, தம்பி. ஆனால் இன்னொரு முறை அப்படிச் செய்ய எனக்குத் தெம்பில்லை" என்றார்.

என் குறிப்பேட்டில் இருந்த அந்த இரண்டு சொற்களை அடித்தேன். அடித்த இடத்தில் என்ன எழுதுவது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

மைக்கேல் லிப்ஸ்கியை நான் அதற்கு முன்பே படித்திருந்தேன். மக்களை நேருக்கு நேர் சந்திக்கும் ஊழியர்கள் நாள்தோறும் எடுக்கும் முடிவுகளே நடைமுறையில் அரசின் கொள்கையாகிவிடுகின்றன என்று 1980 இல் அவர் எழுதினார். தேர்வில் அதை அழகாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் அந்த இழுப்பறை திறந்த பிறகுதான் அது எனக்குள் இறங்கியது. அந்த ஊழியருக்குத் தானாக முடிவெடுக்கும் இடம் இருந்தது. அந்த இடத்தில் நின்றால் அடி தனக்கு மட்டுமே விழும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் மூல விதியைத் தேடிப் படித்தேன். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்று எங்குமே இல்லை. "விவரங்கள் ஒத்திருக்க வேண்டும்" என்று ஒரு பழைய சுற்றறிக்கையில் ஒரு வரி மட்டும் இருந்தது. ஒத்திருக்கிறதா என்று யார் தீர்மானிப்பது என்று அதில் சொல்லப்படவில்லை. என் அறிக்கையின் பரிந்துரை மிகச் சிறியது: பிறந்த தேதியும் முகவரியும் பொருந்தி, பெயரில் எழுத்து வேறுபாடு மட்டும் இருந்தால், பிரிவுக் கண்காணிப்பாளர் கையெழுத்திட்டு ஏற்கலாம். பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் இருந்தால் போதும். எழுத்தர் பயப்பட வேண்டியதில்லை.

இனி நீங்கள் எழுதுங்கள்.

மறுமொழி: குடிநீர்த் துறையில் பணிபுரியும் பொறியாளர்

முப்பத்தெட்டு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். பகலில் குழாய், இரவில் கோட்பாடு. சேரும்போது எனக்கு ஓர் உறுதியான எண்ணம் இருந்தது: திட்டங்கள் தாமதமாவதற்குக் காரணம் கெட்ட மனிதர்கள். யாரோ தடுக்கிறார், யாரோ பணம் எதிர்பார்க்கிறார். பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவம் இது. இதை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்தேன்.

திட்டச் செயலாக்கம் பற்றிய வகுப்பில் பேராசிரியர் கேட்டார்: "ஒரு திட்டத்துக்கு 20 ஒப்புதல்கள் தேவை. ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் நல்லவர்கள், ஒப்புதல் கிடைக்க நூற்றுக்கு 95 வாய்ப்பு. திட்டம் முடிய எவ்வளவு வாய்ப்பு?" வகுப்பில் பலர் தொண்ணூறு என்றார்கள், நானும்தான். அவர் கரும்பலகையில் 0.95 ஐ 0.95 ஆல் பெருக்கிக்கொண்டே போனார். பத்தாவது பெருக்கலில் 60க்குக் கீழே வந்தது. பதினான்காவதில் பாதிக்கும் கீழே. இருபதாவதில் 36. சாக்குக்கட்டியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அறையில் யாரும் பேசவில்லை.

பிரெஸ்மன், வில்டாவ்ஸ்கி என்ற இருவர் 1973 இல் வெளியிட்ட ஆய்வை ஒட்டிய கணக்கு அது. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் வேலையற்றவர்களுக்கு வேலை தர அறிவிக்கப்பட்ட ஒரு பெரிய திட்டத்தை அவர்கள் பின்தொடர்ந்தார்கள். திட்டத்தை எதிர்த்தவர்கள் என்று சொல்லத்தக்கவர் யாரும் இல்லை. பணமும் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் எதிர்பார்த்த வேலைகளில் மிகச் சொற்பமே உருவாயின. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு நோக்கம், அடுத்தடுத்த ஒப்புதல்களில் நீர்த்துப்போனது.

மறுநாள் அலுவலகம் போனதும் நான் செய்த முதல் வேலை, என் மேசையில் தேங்கியிருந்த ஒரு குழாய்த் திட்டத்தின் கோப்பை எடுத்துக் கையெழுத்துகளை எண்ணியது. 23 இருந்தன. அவற்றில் ஏழு, "பார்வையிடப்பட்டது, மேலனுப்பப்படுகிறது" என்று மட்டும் சொன்னவை. ஒரு சொல்லையும் திருத்தவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏழையும் நீக்கி 16 ஆக்கினால், அதே கணக்கில் வாய்ப்பு 31 இலிருந்து 44 ஆக உயர்கிறது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஒருவரையும் குற்றம் சொல்லாமல் கிடைக்கக்கூடிய உயர்வு அது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். நான்கு கையெழுத்துகளைக் குறைக்க ஒப்புக்கொண்டார். மற்ற மூன்றுக்கும் காரணம் சொன்னார். அவற்றில் ஒன்று உண்மையிலேயே நல்ல காரணம்: முன்பு ஒரு முறை அந்த ஒரு பார்வையில்தான் ஒப்பந்தப்புள்ளித் தொகையில் இருந்த பிழை பிடிபட்டிருக்கிறது.

கெட்ட மனிதர்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். ஆனால் இப்போது கோப்பு நின்றால் முதலில் ஆளைத் தேடுவதில்லை. படிகளை எண்ணுகிறேன்.

மறுமொழி: முதலாண்டு மாணவி

எனக்கு நேர்ந்த சந்திப்பு வகுப்பறைக்குள்ளேயே நடந்தது. நிர்வாக அறநெறி வகுப்பு. 1940-41 இல் கார்ல் ஃபிரீட்ரிக், ஹெர்மன் ஃபைனர் இருவருக்கும் இடையே நடந்த விவாதம் அன்றைய பாடம். அதிகாரியைச் சரியான வழியில் நிறுத்துவது அவருடைய தொழில் அறிவும் மனச்சான்றும் என்பது ஃபிரீட்ரிக்கின் பக்கம். வெளியிலிருந்து வரும் கட்டுப்பாடும் மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லும் கடமையும்தான் என்பது ஃபைனரின் பக்கம். எங்களை இரண்டாகப் பிரித்து வாதிடச் சொன்னார்கள். நான் ஃபைனர் அணி. 1887 இல் உட்ரோ வில்சன் அரசியலையும் நிர்வாகத்தையும் பிரித்து எழுதியதில் தொடங்கி எல்லாவற்றையும் அடுக்கினேன்.

எங்களோடு படிப்பவர்களில் சிறைத்துறையில் பல ஆண்டுகள் பணிபுரிந்த ஓர் அம்மா இருக்கிறார். விவாதம் முடியும்வரை பேசவே இல்லை. கடைசியில் ஆசிரியர் கேட்டதும் சொன்னார்: "ஓர் இரவு தொலைபேசியில் ஓர் உத்தரவு வந்தது. ஒரு கைதியைத் தனி அறைக்கு மாற்ற வேண்டும். காரணம் சொல்லவில்லை. மறுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. எழுத்தில் அனுப்புங்கள், உடனே மாற்றுகிறேன் என்றேன். அனுப்புகிறோம் என்றார்கள். விடியும்வரை காத்திருந்தேன். வரவில்லை." சற்று நிறுத்தி, "இது எந்த அணி என்று எனக்குத் தெரியவில்லை" என்றார்.

நான் வாதத்துக்காக எழுதி வைத்திருந்த மூன்று பக்கங்களில் இப்படி ஒரு வழி இருக்கலாம் என்ற எண்ணமே இல்லை. உத்தரவை மீறவும் இல்லை, மனச்சான்றை அடக்கவும் இல்லை. எழுத்தில் கேட்டதால் மனச்சான்றே வெளிக் கட்டுப்பாட்டை அழைத்து வந்துவிட்டது. அந்த வகுப்புக்குப் பிறகு நான் எங்கே உட்காருவது என்று யோசிப்பதில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான்.

மறுமொழி: சேரலாமா என்று யோசிப்பவர்

எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. இரண்டு கேள்விகள். இளங்கலை முடித்த கையோடு சேரலாமா, வேலைக்குப் போய்விட்டுச் சேருவது நல்லதா? பொதுக் கொள்கைப் படிப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இன்னொன்று, தொடங்கியவரிடம்: அந்த அம்மாவுக்குப் பணம் கிடைத்ததா?

தொடங்கியவரின் பதில்

வேறுபாட்டை முதலில் சொல்கிறேன். கொள்கைப் படிப்பில் பொருளியலும் புள்ளியியலும் கூடுதல். எந்தத் திட்டம் பயன்தரும் என்று ஆராய்வதில் எடை இருக்கும். பொது நிர்வாகத்தில் வரவு செலவுத் திட்டம், பணியாளர் மேலாண்மை, கொள்முதல், அமைப்புக் கோட்பாடு, சட்டம் என்று, திட்டத்தை நடத்திக் காட்டுவதில் எடை இருக்கும். இந்தக் கோடு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இவ்வளவு தெளிவாக இருக்காது. ஆகவே பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள். களப்பணியும், உண்மையான ஓர் அலுவலகத்துக்காகச் செய்யும் இறுதித் திட்டப்பணியும் இருக்கின்றனவா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டும் இல்லாத இடத்தில் சேராதீர்கள் என்பேன்.

நேராகச் சேருவதில் தவறில்லை. நானும் அப்படித்தான் சேர்ந்தேன். ஆனால் ஓராண்டாவது ஏதோ ஓர் அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள் வகுப்பில் கேட்ட கேள்விகளின் தரம் வேறு. மேலே பொறியாளர் எழுதியதைப் பாருங்கள். எனக்கு அந்தக் கணக்கு தெரியும், ஆனால் போய் எண்ணுவதற்கு என் மேசையில் கோப்பு இல்லை.

அந்த அம்மாவுக்குக் கிடைத்தது. பெயரைத் திருத்திக்கொண்டு நான்காவது முறை வந்தபோது விண்ணப்பம் ஏற்கப்பட்டது. என் பரிந்துரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது பிறகுதான் ஒரு தெளிவுரையாக வந்தது. ஆனால் ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்துதான் தொகை கணக்கிடப்பட்டது, அவர் முதன்முதலில் வந்து நின்ற நாளிலிருந்து அல்ல. இடையில் ஐந்து மாதங்கள்.

அரசிடம் ஓர் உதவியைப் பெற மக்கள் சுமக்க வேண்டிய சுமைகளை, பமீலா ஹெர்ட், டொனால்ட் மோய்னிஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: என்ன வேண்டும் என்று அறிந்துகொள்ளும் சுமை, கேட்டதையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கும் சுமை, அதில் மனம் படும் பாடு. அந்த ஐந்து மாதங்களை இதில் எங்கே வைப்பது என்று எனக்குப் புரியவில்லை. அறிக்கையின் கடைசியில் பின்னிணைப்பாக ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் அந்தப் பக்கத்தை மட்டும் கழற்றி எடுத்து, மேலே "முதல் பக்கம்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.