கரிசல் காட்டில் கோரை: ரோட்டவேட்டர் விடலாமா?

கரிசல்பிஞ்சை:
விளாத்திகுளம் பக்கம் 4 ஏக்கர் கரிசல், முழுக்க மானாவாரி. ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளம், ஓரத்தில் உளுந்து. கோரை தாங்க முடியவில்லை, ஆள் விட்டு எடுத்தாலும் ஒரே வாரத்தில் பழையபடி நிற்கிறது. டிராக்டர்காரர் மண்ணைக் கொத்திப் பொடியாக்குகிற ரோட்டவேட்டர் விடச் சொல்கிறார், மருந்துக்கடையில் கிளைபோசேட் களைக்கொல்லி அடி என்கிறார்கள். எதைச் செய்ய?

ஓடைக்காடு:
ரோட்டவேட்டர் வேண்டவே வேண்டாம். கோரைக்கிழங்கு மண்ணுக்குள் சங்கிலி மாதிரி கோத்துக் கிடக்கும், அதை நறுக்கிக் காடு முழுக்க இறைத்துவிடும். சித்திரையில் கோடை மழை விழுந்ததும் சட்டிக்கலப்பையால் புரட்டிப் போட்டு, கட்டியை உடைக்காமல் விடுங்கள். வெயிலில் கிழங்கு சுருங்கிக் காயும். மறுபடி துளிர்த்தால் கொக்கிக்கலப்பையில் இன்னொரு உழவு. ஒரே கோடையில் ஒழியாது, குறையும். சரிவுக்குக் குறுக்கே உழுதால் மழைத்தண்ணீரும் காட்டிலேயே நிற்கும்.

மேலக்கரை:
அண்ணாச்சி சொல்வதுதான் சரி. கிளைபோசேட் பச்சை இலை வழியாகத்தான் கிழங்குக்கு இறங்கும், வாடிப்போய்ப் புழுதி படிந்து நிற்கிற கோரையில் அடித்தால் காசுக்குக் கேடு. சரி, முதல் மழைக்கு அது செழிக்கட்டும் என்று காத்திருந்தால் விதைப்பு தள்ளிப்போகும், மார்கழியோடு மழை முடிந்துவிடும், கதிர் பால் பிடிக்கிற நேரம் மண்ணில் ஈரமிருக்காது. அதோடு நம் நாட்டில் அந்த மருந்துக்கு அனுமதியே தேயிலைக்கும் பயிரில்லாத இடத்துக்கும்தான், கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

புரட்டாசிக் கடைசியில் புழுதியிலேயே விதைத்துவிடுங்கள், விதை 5 செ.மீ. ஆழத்தில் விழட்டும், மேலாக விழுந்தால் சிறு தூறலுக்கே முளைத்துக் கருகும். 20 நாளில் ஒரு களைக்கொத்து கட்டாயம். களையும் போகும், கரிசலில் விழுகிற வெடிப்பும் மூடும், அந்த வெடிப்பு வழியாகவும் ஈரம் ஆவியாகிறது. உளுந்தை ஓரத்தில் ஒதுக்காமல் மக்காச்சோளத்துக்கு இடையில் போட்டுப் பாருங்கள், கோரைக்கு நிழல் ஆகாது.

கரிசல்பிஞ்சை:
நன்றி அண்ணே. இந்த வருஷம் கண்மாய் வண்டல் அடிக்கலாம் என்று இருக்கிறேன், அடிக்கலாமா?

ஓடைக்காடு:
கோரை மண்டின கரையோரம் அள்ளினால் கிழங்கும் சேர்ந்துதான் வரும், லோடு ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். என்னைக் கேட்டால் கரிசலுக்கு வண்டல் அவசரமே இல்லை, அது செம்மண் காட்டுக்குத்தான் பலன். அந்தக் காசில் ஆட்டுக்கிடை போடுங்கள், ராத்திரி காட்டில் அடைகிற ஆட்டின் புழுக்கையும் மூத்திரமும் உரமாகும். அறுப்பு முடிந்ததும் எல்லாரும் கேட்பார்கள், கிடைக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.