அவர் லீவில் வந்தாலே சலக்கடுப்பு, இது என்ன வருத்தம்?

களுவாஞ்சிக்குடிப் புள்ள:
வெட்கத்தை விட்டுத்தான் கேட்கிறேன். இவருக்குக் கட்டாரில் வேலை. லீவில் வந்து நாங்கள் சேர்ந்து இருந்தால் ஓரிரு நாளில் எனக்குச் சலம் எரியத் தொடங்கிவிடும், அடிக்கடி முட்டும், போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். போன லீவிலும் இதேதான். மாமி சூட்டு வருத்தம் என்று இளநீர் வெட்டித் தருகிறா. எனக்கென்றால் இவர் அங்கிருந்து ஏதும் கொண்டுவந்தாரோ என்று பயம். அவரும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், என்மேல் அதே சந்தேகமோ தெரியாது. போன முறை பாமசியில் வாங்கின குளிசை மிச்சம் கிடக்கு, போடலாமா?

வாழைச்சேனை அக்கா:
போடாதீங்க தங்கச்சி. அரைகுறையாகப் போட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடும். நான் வார்டில் தாதியாக இருந்தவள், நீங்கள் சொல்வது அநேகமாகச் சலத்தொற்று. கூடுதலாக ஈ.கோலை என்ற கிருமிதான் காரணம், அது நம் குடலிலேயே இருப்பது. பெண்களுக்குச் சலக்குழாய் சுமார் 4 செ.மீ. தான், சேரும்போது வெளியில் இருக்கிற கிருமி உள்ளே தள்ளுப்பட்டுவிடும். கனநாள் விட்டு அடிக்கடி சேர்ந்தால் இப்படி வருவது சகஜம், இதற்கு யாரும் யாரையும் சந்தேகப்படத் தேவையில்லை. முடிந்ததும் எழும்பிப் போய்ச் சலம் கழியுங்க. விந்தணுக்கொல்லி பூசிய கொண்டம் பாவித்தால் மாற்றுங்க. மருந்து தொடங்க முதல் யூரின் கல்ச்சருக்கு, அதாவது சலத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கொடுங்க, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் போத்தலில் பிடிக்க வேணும். இளநீர் குடியுங்க, நல்லதுதான், ஆனால் அது மருந்தில்லை.

அக்கரைப்பற்று வாசகி:
அக்கா சொன்னது சரி, ஆனால் நாற்றத்தோடு வெள்ளைபடுதல், புண், அடிவயிற்று நோவு ஏதும் இருந்தால் சலத்தொற்று என்றே இருந்துவிடாதீங்க, கிளமிடியா என்ற பாலியல் நோயிலும் சலம் எரியும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கு, இலவசம், விஷயம் வெளியே போகாது. லீவு முழுக்க முறைத்துக்கொண்டு இருப்பதைவிட ரெண்டு பேரும் ஒரு காலை போய்ச் சோதித்துவிடலாமே.

ஆரையம்பதி அம்மம்மா:
எனக்கும் எரிவுதான் மகள், ஆனால் கல்ச்சரில் கிருமியே இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சி என்று வி.ஓ.ஜி. (பெண்நோய் டொக்டர்) ஈஸ்ட்ரஜன் கிரீம் தந்தார், இப்போ பரவாயில்லை. பால் கொடுக்கிற பிள்ளைகளுக்கும் அந்த வறட்சி வரும்.

களுவாஞ்சிக்குடிப் புள்ள:
நானும் பால் கொடுக்கிறேன் அம்மம்மா, இதை ஒருத்தரும் சொல்லவே இல்லை. நாளைக்கு ஓ.பி.டி. போகிறேன்.

வாழைச்சேனை அக்கா:
பால் கொடுப்பதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்க, அதைப் பார்த்துத்தான் குளிசை எழுதுவார். மாதவிடாய் தள்ளியிருந்தால் அதையும். இரவைக்குக் குளிரோடு காய்ச்சல், விலா நோவு, சத்தி வந்தால் விடியும்வரை நிற்க வேணாம்.