‘ரெட்கான்’ தமிழில்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:
அன்புடையீர், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்துக்கான மாணவர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சொல்லடைவில் ஒன்றுதான் பாக்கி. கதை நடக்கும் பழைய மாயாஜால ஆட்டவுலகைப் புதிய பதிப்பில் புதுப்பிக்கும்போது, முன்பு அச்சிட்டதையே ‘அது அப்படியில்லை’ என்று மாற்றிவிடுகிறார்களே, அந்த ‘ரெட்கான்’. ‘முன்கதைத் திருத்தம்’ சரிதானா?

தேவகோட்டையிலிருந்து:
சரிவராது, ஆச்சி. பாத்திரத்துக்கு அரைப்பக்கம் எழுதுவதைத்தான் மேசையில் முன்கதை என்கிறோம். பையன்கள் தங்கள் பாத்திரத்தாளை அழித்து எழுதுவார்கள். ‘பின்திருத்தம்’ போடுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:
பின்திருத்தம் என்றால் அச்சுக்குப் பின் வரும் பிழைதிருத்தம் என்றே படிப்பார்கள். முதலில் வேலைகளைப் பிரியுங்கள். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் மூன்று உலகுகளைப் பாருங்கள். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் 2008-இல் கதைக்காலத்தை ஏறத்தாழ 100 ஆண்டு தள்ளியது. பழைய மனிதப் பாத்திரங்கள் போய்ச் சேர்ந்தார்கள், வரைபடம் மாறியது. ஆனால் நடந்தது நடந்ததுதான். இது காலநகர்த்தல். எபெரான் 2004, 2009, 2019 பதிப்புகள் மூன்றிலும் கதையாண்டு 998. விதிகள் மட்டும் மாறின. டார்க் சன் 2010 இரண்டு வேலை செய்தது. 1995 திருத்தப் பதிப்பில் இறந்துபோயிருந்த மன்னர்கள் மீண்டும் உயிரோடு நிற்கும்படி, டைர் மன்னன் காலக் வீழ்ந்த நாளுக்கே கதையைத் திருப்பியது. அதோடு, 1991-இல் பெட்டியாக வந்த முதல் பதிப்பில் கடவுளரே இல்லாத உலகில், கடவுளர் இருந்தார்கள், ஆதிசக்திகளிடம் தோற்றார்கள் என்றது. நீங்கள் தேடும் சொல் இந்தக் கடைசி வேலைக்கு மட்டும்தான். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் கட்டினால், எந்தப் பதிப்பின் வரைபடத்தை விரிப்பது என்றே ஆட்டத்தை நடத்தும் நடத்துநருக்குத் தெரியாது.

புதுவயலிலிருந்து:
நூல் வகைகளைச் சொல்லும் நன்னூல் இருக்க ஏன் அலைகிறீர்கள்? முன்னோர் நூலை ஒத்துப் பின்னோன் விகற்பம் சொல்வது வழிநூல். ஆட்டவுலகைக் களம் என்று கொண்டு ‘வழிக்களம்’ என்க. ‘ஆட்டவுலகு’ம் எனக்கு உவப்பில்லை, லோகத்தின் சாயல் அதில் இருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து:
உலவு என்பதிலிருந்து வந்தது உலகு என்போரும் உண்டு, ஐயா. லோகத்தை இழுக்காதீர்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:
அந்த வழக்கு இருக்கட்டும். வழிநூலின் முடிபு முதல்நூலோடு ஒத்திருக்க வேண்டும் என்பதும் அதே நூற்பாதான். இங்கே முடிபே மாறுகிறதே!

புதுவயலிலிருந்து:
அப்படியானால் திரிபுடைய சார்புநூல். அதைப் புடைநூல் என்பதால் ‘புடைக்களம்’.

தேவகோட்டையிலிருந்து:
பத்தாம் வகுப்புப் பிள்ளை வீக்கம் என்றல்லவா நினைப்பான்? அதற்கு ‘ரெட்கான்’ என்றே எழுதிவிடலாம். விளையாடுகிறவர்கள் வாயில் அதுதான் வருகிறது.

பள்ளத்தூரிலிருந்து:
கோயில் திருப்பணியில் பழைய கல்லை எடுத்துப் புதுக்கல் வைப்பதில்லையா? ‘களத்திருப்பணி’ என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து:
திருப்பணியில் மூலவர் மாறுவதில்லை, அண்ணே. ‘பின்னோக்குத் திருத்தம்’ என்பேன்: இன்றிலிருந்து பின்னால் பார்த்துத் திருத்துவது. நீளம்தான், ஆனால் பிழைதிருத்தத்தோடு குழம்பாது.

காரைக்குடியிலிருந்து:
மூன்று பேர் ஒப்புக்கொண்டதால் ‘பின்னோக்குத் திருத்தம்’ போகிறது. பக்கத்தில் ‘ரெட்கான்’ தமிழெழுத்தில். ‘காலநகர்த்தல்’ தனிச்சொல். நடத்துநர் தாளின் முதல் வரியில் உலகம், பதிப்பு, கதையாண்டு மூன்றும் எழுதச் சொல்கிறேன். அதன் கீழ், திருத்தியவற்றில் எதை நம் மேசை ஏற்கிறது என்று முதல் அமர்வுக்கு முன்பே குறிக்க வேண்டும். நடுவில் முடிவெடுத்தால், பழைய பெட்டியைப் படித்தவனும் புதியதைப் படித்தவனும் பகடையைக் கீழே வைத்துவிட்டு வாதாடுவார்கள்.

புதுவயலிலிருந்து:
என் மறுப்பைப் பதியுங்கள். ‘நோக்கு’ என்றால் கண் மட்டும்தான்; கை அதில் இல்லை. அடுத்த பதிப்புக்குப் ‘புடைக்களம்’ மீண்டும் வரும்.