மறு: டெலிரியம் என்பதற்குப் ‘பிதற்றல்’ போதுமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

முதியோரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கான துண்டறிக்கையை டெலிரியம் என்ற ஒரு சொல்லைத் தவிர மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். உடம்பில் வேறொரு கோளாறு வந்து, அதனால் திடீரென அறிவு கலங்கிப்போகும் நிலை அது. டிமென்ஷியாவுக்கு இப்போதைக்கு ‘மறதிநோய்’ என்று போட்டுச் சமாளித்திருக்கிறேன். டெலிரியத்துக்குப் போன வாரம் இங்கே வந்தவை மூன்று: சன்னி, சித்தப்பிரமை, பிதற்றல். மூன்றுக்கும் என் மனம் ஒப்பவில்லை.

சன்னி பழைய சொல், சித்த மருத்துவத்தில் வேர்விட்டது. ஆனால் இன்று ஊரில் அது எங்கெங்கோ போய்விட்டது. குழந்தைக்கு வலிப்பு வந்தாலும் ஜன்னி, ஆணி குத்தி வந்தால் இரண ஜன்னி, பேறுகாலத்தில் வந்தால் பிரசவ ஜன்னி. சித்தப்பிரமை என்றாலோ பைத்தியம் என்றே காதில் விழும். பெரியவரை அறைக்குள் வைத்துப் பூட்டுவார்களே தவிர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மாட்டார்கள்.

பிதற்றல்தான் பலருக்கும் பிடித்திருக்கிறது. அதை ஏன் மறுக்கிறேன் என்று விளங்க என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது 78. திருப்பாதிரிப்புலியூரில் எங்களோடு இருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக மறதி உண்டு. தானே புயல் அடித்தது 2011 டிசம்பரில். அவருக்கு அது போன வாரம். ‘முந்திரித் தோப்பு மிச்சம் இருக்கிறதா?’ என்று கேட்பார். நாங்களும் பழகிவிட்டோம்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் காபி கேட்கவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார், நாம் பேசி முடிப்பதற்குள் மூடிக்கொண்டார். பிதற்றவில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. நோய் முற்றிவிட்டது, இனி இப்படித்தான் என்று நாங்களும் ஒரு பகல் முழுக்கச் சும்மா இருந்தோம். மறுநாள் வந்து பார்த்த பக்கத்து வீட்டுச் செவிலியர், கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். ‘சனி, வெள்ளி’ என்று தொடங்கியவர் அதோடு கூரையைப் பார்த்தார். முன்பெல்லாம் தடுமாறியாவது ஞாயிறுவரை வந்துவிடுவார். “ஒரே நாளில் இப்படி ஆனால் அது மறதி இல்லை, உடனே கிளம்புங்கள்” என்றார் செவிலியர். சிறுநீரில் தொற்று, கூடவே உடம்பில் உப்பு இறங்கியிருந்தது. ஐந்தாம் நாள் காபியில் சர்க்கரை இல்லை என்று சண்டை போட்டார். வார்டில் இருந்த ஆயா சொன்னார்: “அம்மா தெளிந்துவிட்டார்.”

எனக்கு வேண்டிய சொல் அதில் இருந்தது. மயக்கம் தெளிகிறது, போதை தெளிகிறது, கலங்கிய குளம் தெளிகிறது. நோய்க்கு ‘தெளிவிழப்பு’ என்று பெயர் வைத்தால், குணமாவதற்கான வினை ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது.

மருத்துவமும் இதற்கு ஒத்துவருகிறது. டிமென்ஷியா மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஏறுவது. டெலிரியம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வருவது. காலையில் பரவாயில்லை என்றிருக்கும், விளக்கு வைக்கும் நேரத்தில் மோசமாகும். பெரும்பாலும் முதலில் கெடுவது கவனம். டெலிரியத்தைக் கண்டறிய 1990இல் வெளியான ‘குழப்ப மதிப்பீட்டு முறை’ நான்கு குறிகளைப் பார்க்கிறது. திடீரென வந்து ஏறி இறங்குவதும் கவனம் நிலைக்காததும் கட்டாயம் இருக்க வேண்டும். கோவையற்ற பேச்சு, மாறிய விழிப்புநிலை ஆகிய இரண்டில் ஒன்று இருந்தால் போதும். ஆக, பிதற்றல் இல்லாமலும் டெலிரியம் உண்டு. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிற ஒரு குறியை எடுத்து நோய்க்கே பெயராக வைப்பானேன்?

– கடலூரிலிருந்து

* * *

ஐயா, உங்கள் வாதம் பிடித்திருக்கிறது, சொல்லின் பின்பாதி பிடிக்கவில்லை. ‘இழப்பு’ என்றாலே நம் காதில் உயிரிழப்பு, பொருளிழப்பு. போனது போனதுதான் என்கிற தொனி. திரும்பி வருவதைச் சொல்லத்தானே தெளிவைத் தேடிப் போனீர்கள்?

மூலச் சொல்லைப் பாருங்கள். இலத்தீனில் ‘லீரா’ என்பது ஏர் போடும் வரி, நம் உழவர் சொல்லும் சால். அதிலிருந்து விலகுவதே டெலிரியம். உங்கள் பக்கத்தில் மல்லாட்டை விதைக்கிறவரைக் கேளுங்கள். மாடு மிரண்டால் சால் தப்பும். திருப்பிப் பிடித்தால் மறுபடி சாலுக்கு வரும். ‘சால் தப்பல்’ என்றே சொல்ல ஆசைதான், டிராக்டர் காலத்தில் யாருக்குப் புரியும்! ஆனால் அந்தத் ‘தப்ப’லை விடாதீர்கள். நினைவு தப்பியது என்கிறோம் அல்லவா? அதுபோல ‘தெளிவு தப்பல்’.

இன்னொன்று. எங்கள் ஊரில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் ‘தெலீர்’ என்றால் டெலிரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரெஞ்சு மனநல மருத்துவத்தில் அது, இல்லாததை உண்டென்று அடித்துச் சொல்லும் திரிபு நம்பிக்கை. வேர் ஒன்று, பொருள் வேறு.

– புதுச்சேரியிலிருந்து, பழைய தமிழாசிரியர்

* * *

தெளிவு தப்பலுக்கு என் வாக்கு. உட்பிரிவுகளையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கட்டிலை விட்டு எழுந்து ஓடுவது ஒரு வகை, உங்கள் அத்தைபோல் சுருண்டு கிடப்பது இன்னொரு வகை, தவறவிடுவது இரண்டாவதைத்தான். குடியைச் சட்டென்று நிறுத்தியவருக்கு வருவது ‘நடுக்கத் தெளிவு தப்பல்’. புதுச்சேரியில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம்.

மறதிநோய் என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. மூளையின் நெற்றிப்பகுதி பாதிக்கப்பட்டவருக்குத் தொடக்கத்தில் நினைவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், குணம்தான் மாறும். டிமென்ஷியாவிலேயே லூயி உடல் என்கிற வகையில் தெளிவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும், இல்லாத ஆள் தெரிவார். அதை டெலிரியம் என்று நாங்களே நினைத்துவிடுவது உண்டு. ஜப்பானியர் 2004இல் தங்கள் பழைய சொல் மட்டந்தட்டுகிறது என்று மாற்றி, ‘அறிதிறன் நோய்’ என்று பொருள்படும் புதுச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

– குழுவின் மருத்துவர்

* * *

ஆசிரியர் ஐயாவுக்குத் தோற்றுவிட்டேன், மகிழ்ச்சியாகவே. தெளிவு தப்பல் என்றே போடுகிறேன்.

டிமென்ஷியாவுக்கு ‘அறிதிறன் தேய்வு’ என்று நூலில் எழுதலாம். தேய்வு என்றால் தேய்பிறையை நினைத்து வளர்பிறையையும் எதிர்பார்ப்பார்களோ என்று முதலில் தயங்கினேன். சந்தனக்கட்டையை நினைத்தால் சரியாக வருகிறது. துண்டறிக்கையில் மட்டும் மறதிநோய் இருக்கட்டும். வாசலிலேயே வாசகரை மிரட்ட வேண்டாம். ஏற்கெனவே தேய்வு உள்ளவருக்குத்தான் தெளிவு எளிதில் தப்பும் என்பதால் இரண்டும் ஒரே பக்கத்தில் வருகின்றன.

இப்போது அந்தப் பக்கம் இப்படி நிற்கிறது: “நேற்றுவரை இருந்தது போல் இன்று இல்லையா? புதிதாகத் தூங்கி வழிகிறாரா, பேச்சில் கவனம் நிற்கவில்லையா? வயதாகிவிட்டது என்று விடாதீர்கள். இது தெளிவு தப்பலாக இருக்கலாம். தொற்று, உப்புக் குறைவு, நீர் வறட்சி, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவற்றில் ஏதாவது காரணமாக இருக்கலாம். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரைகளையெல்லாம் பையோடு கொண்டுபோங்கள். கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.”

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓடுகிற வகைக்குக் ‘கிளர்ந்த’ என்று வைத்துவிட்டேன். சுருண்டு கிடக்கும் வகைக்கு ‘அடங்கிய’வா, ‘ஒடுங்கிய’வா? அடங்கிய என்றால் உயிர் அடங்கிய நினைப்பு வருகிறது என்கிறார் என் மனைவி. யாராவது வியாழனுக்குள் சொல்லுங்கள்.

– கடலூரிலிருந்து