எம்.டி. விண்ணப்பத்துக்குத் தடையாக நிற்கும் ஒரு மாதம்: உதவி தேவை

நான் பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா இளநிலைப் பட்டம்) முடித்தவள். ஈரோட்டில் ஆறு ஆண்டுகளாக இயற்கை மருத்துவம் பார்க்கிறேன். இந்த ஆண்டு முதுநிலைப் படிப்பான எம்.டி. (இயற்கை மருத்துவம்) சேர விரும்புகிறேன். சித்தா, ஆயுர்வேதத்துக்கு இருப்பதுபோல் எங்களுக்கு அகில இந்திய முதுநிலை நுழைவுத் தேர்வு இல்லை. அதனால் சென்னை அரும்பாக்கம் அரசுக் கல்லூரிக்கும் கர்நாடகத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கத் தயாரானேன். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது.

என் பயிற்சி மருத்துவர் காலம் 15.3.2017 முதல் 14.3.2018 வரை. சான்றிதழில் 14.2.2018 என்று அச்சாகியிருக்கிறது. மூன்று இரண்டாகிவிட்டது, ஓராண்டு பதினொரு மாதமாகச் சுருங்கிவிட்டது. இத்தனை நாள் அதைக் கவனிக்காதது என் தவறுதான்.

படித்த கல்லூரிக்கு இரண்டு முறை நேரில் போனேன். பழைய எழுத்தர் ஓய்வுபெற்றுவிட்டார், பதிவேடு கிடைக்கவில்லை என்கிறார்கள். விரைவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன்; சேர்ந்ததற்கான ஒப்புகை மட்டும் வந்தது, பதில் இல்லை. பல்கலைக்கழகமோ, கல்லூரி எழுதிக் கொடுத்தால்தான் திருத்துவோம் என்கிறது. மருத்துவர்களைப் பதிவு செய்யும் கவுன்சில் தந்த பதிவுச் சான்றில் பயிற்சித் தேதிகளே இல்லை.

என்னிடம் இருப்பது பயிற்சி பெற்ற மருத்துவமனையின் பணிப் பதிவேட்டு நகல். மார்ச் 13 அன்று மண்பட்டி, இடுப்புக் குளியல் பிரிவில் நான் போட்ட கையெழுத்து அதில் தெளிவாக இருக்கிறது. விண்ணப்பிக்க இன்னும் மூன்று வாரமே உள்ளது.

இந்த நகலோடு நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் வைத்து எம்.டி. சேர்க்கையில் சான்றிதழ் சரிபார்ப்பைக் கடந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?